பெரிய வெள்ளியன்று வாங்கிய எலும்பு

காய்ந்த எலும்பை அரத்தால் தேய்த்தால் மயிர் கருகுகிற வாடை வரும். ஒரு பெரிய வெள்ளிக்கிழமை நண்பகலில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அந்த வாடை அடித்தது. அது தெருவுக்குப் போய்விடக் கூடாதே என்று பதினொரு வயதில் நான் பயந்ததைப் போல அதற்குப் பிறகு எதற்கும் பயந்ததில்லை.

ஏலாக்குறிச்சிப் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலின் பாடற்குழுவுக்கு ஒரே ஒரு கிட்டார்தான் இருந்தது. அதை வாசித்தவள் பதினோராம் வகுப்பில் படித்த என் அக்கா ரோஸ்லின். சாமியாருக்கு உதவியாக இருந்து குழுவையும் நடத்திய உபதேசியாருக்குப் பெண்பிள்ளை கிட்டாரைத் தூக்குவது பிடிக்காது. முதலில் தன் அக்கா மகனிடம்தான் கொடுத்தார். கம்பிகளுக்கும் விரல் அழுத்தும் பலகைக்கும் நடுவே ஒரு பென்சிலை நுழைத்துவிடலாம், அத்தனை உயரம். விரல் வெடித்து, ஒரே வாரத்தில் அவன் திருப்பிக் கொடுத்துவிட்டான். அக்கா வலியைப் பொறுத்துக்கொண்டு கற்றாள். "இதுல ஒரு கீறல் வுழுந்துச்சு, அன்னிக்கே வாங்கி உள்ள வெச்சுப்புடுவேன்" என்று அவர் சொல்லித்தான் அதை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள விட்டார்.

கம்பி வாங்கப் பெரம்பலூருக்குப் போனபோது நானும் கூடப் போனேன். கம்பிகளைத் தாங்கி நின்ற, விரல் நீள வெள்ளைப் பட்டையைக் கடைக்காரர் தொட்டுக் காட்டினார். "இதுக்குப் பேரு சேடிலுங்க. அடியில தேய்ச்சா கம்பி இறங்கும், விரல் நோவாது. இது பிளாஸ்டிக்கு. எலும்புல போட்டா நாதமும் நல்லாருக்கும்." அக்கா உடனே, "வேணாங்க, அப்படியே இருக்கட்டும்" என்றாள். செலவுக்குப் பயந்து சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் முடிந்ததும் எங்கள் கோயில்களில் மணியும் வாத்தியங்களும் அடங்கிவிடும். சனிக்கிழமை இரவு, உயிர்ப்பைக் கொண்டாடும் பாஸ்கா பூசையில் மறுபடி அந்தக் கீதம் பாடும்வரை மரக்கட்டையைத் தட்டுகிற சத்தம் மட்டும்தான். கிட்டார் பெட்டிக்குள் போய்விட்டால் சனிக்கிழமை ஒத்திகைவரை யாரும் திறக்க மாட்டார்கள். அதை நம்பித்தான் வெள்ளிக்கிழமை காலை வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். எல்லோரும் சிலுவைப்பாதைக்குப் போன பிறகு கம்பிகளைத் தளர்த்தி, சேடிலை உருவி, கொல்லைச் சிமெண்டுத் தரையில் அடிப்பக்கத்தைத் தேய்த்தேன். அக்காவுக்கு வலிக்காமல் செய்துவிடலாம் என்பதைத் தவிர வேறெதுவும் மனதில் இல்லை. பத்துப் பன்னிரண்டு இழுப்பு இழுத்திருப்பேன். விரலுக்கடியில் "டக்"கென்றது. பட்டை இரண்டு துண்டு.

அடுத்த நிமிடம் கால்கள் தாமாகவே ஓடின. எலும்பு வேண்டும். தவக்காலம், நாற்பது நாளாக எங்கள் ஊரில் ஒரு வீட்டிலும் கறி கிடையாது. பஸ் நிறுத்தத்தில் கறிக்கடை வைத்திருந்த பாய், அன்று கடையைப் பூட்டிவிட்டு வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"பாய், ஒரு எலும்பு வேணும்."

"இன்னிக்கா? ஏ புள்ள, ஒங்கப்பாருக்குத் தெரிஞ்சா என்னயத்தான் கொக்கியில மாட்டுவாரு."

"நாய்க்கு, பாய்."

"ஒங்க வூட்டுல ஏது நாயி?" என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பின்பக்கம் போய், வெயிலில் வெளுத்த ஒரு தொடை எலும்பை எடுத்து வந்து, பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். "நா குடுக்கல, நீ வாங்கல. ஓடு."

பாவாடைக்குள் செருகிக்கொண்டு திரும்பினால், தெருமுனையில் சிலுவைப்பாதை எதிரே வந்தது. சாமியார், சிலுவை, பின்னால் ஊரே. நின்று செபிக்கிற அடுத்த நிலை அங்கேதான். எல்லோரும் முழங்காலிட்டார்கள், நானும் முழங்காலிட்டேன். எலும்பின் முனை விலாவில் குத்தியது. எங்கிருந்தோ வந்த ஒரு நாய் என்னைச் சுற்றி மோந்தது. பக்கத்திலிருந்த ஒரு அம்மா அதை விரட்டிவிட்டு, "வயித்துவலின்னாங்க, வந்துட்டியே, நல்ல புள்ள" என்று தலையைத் தடவினார். எனக்கு அழுகை வந்தது. பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

அம்மாவும் அப்பாவும் மூன்று மணி ஆராதனைக்காகக் கோயிலிலேயே தங்கிவிட, என்னைப் பார்க்க அக்கா மட்டும் வந்தாள். நான் அப்பாவின் பம்புசெட் கருவிப் பெட்டியிலிருந்து ஆக்சா பிளேடும் அரமும் எடுத்து, எலும்பிலிருந்து ஒரு பட்டையை அறுத்து முடித்திருந்தேன். அவள் திட்டவில்லை. "போச்சுடி, புடுங்கிருவாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பிறகு உடைந்த இரண்டு துண்டுகளையும் ஒட்ட வைத்து அளவு பார்த்தாள். நான் அறுத்த பட்டை உயரத்தில் குறைவு. மீதி எலும்போ என் அறுப்பில் விண்டு போயிருந்தது. வேறு வழியில்லாமல் அதையே தேய்த்து, சேடில் இருந்த காடியில் பொருத்தி, கம்பிகளை முறுக்கி, சத்தம் வராமல் ஒரு தடவை அழுத்தினாள். "ரொம்ப லேசா இருக்குடி" என்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. நாங்கள் தப்பிவிட்டோம் என்றுதான் நான் நினைத்தேன்.

சனிக்கிழமை பிற்பகல் ஒத்திகையில் உபதேசியார் கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. என் நெஞ்சு அடங்கத் தொடங்கியது. அக்கா தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அவருடைய அக்கா மகன் விளையாட்டாக அதை மடியில் வைத்து இரண்டு கம்பிகளை அழுத்தினான். பிறகு எல்லாக் கம்பிகளையும் அழுத்தினான்.

"மாமா, இப்ப வலிக்கலயே!"

திரும்பி வந்த அக்காவிடம் உபதேசியார் தன்மையாகத்தான் சொன்னார். "பாஸ்காவுக்கு நீ வாசிம்மா. நாளையிலேருந்து தம்பி பாத்துக்கட்டும். ஒனக்கும் பரீட்சை வருதில்ல."

அக்கா சரி என்றாள். அன்றிரவு அவள் வாசித்ததுதான் கடைசி.

இப்போது எங்கள் கோயிலில் கீபோர்டு வந்துவிட்டது. தாளமும் அதிலேயே வருகிறது. அந்தக் கிட்டார் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. போன மாதம், பெரம்பலூரில் ஆசிரியையாக இருக்கும் அக்காவின் வீட்டில் கேட்டேன்: "அந்தக் கம்பிய வேணும்னேதான் உயரமா வெச்சிருந்தியா?"

"பின்ன? உன்கிட்ட சொல்லியிருந்தா ஊருக்கே ஒளறியிருப்ப" என்று சிரித்தாள்.

அவள் இடது கையை வாங்கிப் பார்த்தேன். நான்கு விரல் நுனிகளிலும் அந்நாளில் மரத்துக் காய்த்திருந்த தோல் இருந்த இடமே தெரியவில்லை. தொட்டதும் கூசுகிறது என்று கையை இழுத்துக்கொண்டாள்.