ஜெல் அக்காவும் வழிமாறிய குழாய்களும்

நான்கு. நுரையீரலிலிருந்து சுத்த ரத்தத்தை இதயத்தின் இடது மேலறைக்குக் கொண்டுவரும் குழாய்கள் நான்கு. மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

அந்த நான்கையும் எண்ணுவதுதான் ஜெல் அக்காவின் பிழைப்பு. மருத்துவமனையின் எக்கோ அறையில் குழந்தைகளின் நெஞ்சில் ஜெல்லைத் தடவி, கருவியை வைத்து, திரையில் இதயத்தைப் பார்ப்பவர். வாய் சும்மா இருக்காது. வீட்டில் கணவர் குறட்டை விட்டால்கூட, "இடது பக்கம் திரும்பி மூச்சைப் பிடிங்க" என்பார். அழுகிற குழந்தைக்குப் படம் வராது. அதனால் தலையில் ஜெல் பாட்டிலை நிறுத்துவார், கையுறையை ஊதிக் கொம்பாக வைத்துக்கொள்வார், அப்பன்மார்களைத் தவளை மாதிரி தாவச் சொல்வார். மறுத்தவர் எவருமில்லை.

அன்று வந்தது மூன்று மாதப் பெண் குழந்தை. பால் குடித்தாலே மூச்சு வாங்கும், தலை வேர்க்கும். எடை ஏறவில்லை. சளி என்று சொல்லி மருந்து மேல் மருந்து கொடுத்தாயிற்று. படுக்க வைத்ததும் ஊரைக் கூட்டியது. கொம்பு பலிக்கவில்லை. அக்கா அவசர அவசரமாகப் பார்த்தார். இடது மேலறையின் முதுகை ஒட்டிக் குழாய்கள் தெரிந்தன. "நாலும் சேருது" என்று முடித்துவிட்டார்.

அம்மா குழந்தைக்குச் சட்டை மாட்டி வாசலைத் தாண்டினாள். அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. இதயத்தின் வலது பக்கம் ஏன் அப்படி வீங்கியிருக்கிறது? ஒட்டியிருப்பது வேறு, உள்ளே திறப்பது வேறு. சுவர் ஒட்டிய வீட்டுக்கெல்லாம் நடுவில் கதவா இருக்கிறது?

"தங்கச்சி, நில்லும்மா!"

"என்னக்கா, எதையாவது விட்டுட்டேனா?"

"நீ விடலை, நான்தான் விட்டுட்டேன். சட்டையைக் கழட்டு."

"திரும்பவுமா? இப்பதான் அழுகை நின்னுது. விடுங்கக்கா, சளி மருந்தே வாங்கிக்கிறேன்."

"ஒரே தடவை. அடங்கலைன்னா என் பேரை மாத்திக் கூப்பிடு."

"உங்க பேரே எனக்குத் தெரியாதே."

"அப்ப உனக்கு வேலை மிச்சம்."

இப்போது பார்க்க வேண்டியது கழுத்துப் பள்ளத்திலிருந்து. அங்கே கை வைத்தால் எந்தக் குழந்தை சும்மா விடும்? அக்காவின் வித்தையெல்லாம் தீர்ந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் பெரிய டாக்டர். சிரித்தால் அபராதம் என்கிற முகம்.

"சார், ஆடு மாதிரி கத்துங்க."

"என்னம்மா விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்ல சார். நாலு குழாயும் மேல போகுதோன்னு சந்தேகம். சரியா இருக்குன்னு நானே சொல்லிட்டேன். தப்பா சொல்லிட்டேன்னு தோணுது."

டாக்டர் கதவைச் சாத்தினார். தொண்டையைச் செருமினார்.

"மே."

"இது காய்ச்சல்ல படுத்த ஆடு சார். வயித்துலேர்ந்து வரட்டும்."

"ம்மேஏஏஏ!"

குழந்தை வாயை மூடிக்கொண்டு டாக்டரையே பார்த்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அக்கா கருவியை வைத்தார். ரத்தம் கருவியை நோக்கி வந்தால் திரையில் சிவப்பு, விலகிப் போனால் நீலம். ரத்தம் நீலமாகக் கீழே இறங்குகிற குழாய்க்குப் பக்கத்தில், இருக்கவே கூடாத ஒரு சிவப்பு தடியாக மேலே ஏறியது. நான்கு குழாயும் ஒன்றுகூடி, இடது அறைக்குள் திறக்காமல், மேலே போய்ச் சுற்றி வலது பக்கமே இறங்குகின்றன. சளி இல்லை. அபூர்வமான பிறவிக் கோளாறு. ஆபரேஷன் செய்தால் பிழைக்கும். விட்டால் தங்காது.

"நிறுத்தாதீங்க சார், இன்னும் படம் பதியலை."

டாக்டர் நிறுத்தவில்லை. வெளியே வரிசையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த வாரமே ஆபரேஷன். குழாய்களை இடது அறையோடு சேர்த்துத் தைத்தார்கள். வீட்டுக்கு அனுப்புமுன் கால் விரலில் கருவி மாட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்த்தார்கள்.

தொண்ணூற்றெட்டு.