நான் கழற்றிய ஃபியூஸ்

லண்டன் எட்மண்டனில், முதியவர்களைப் பராமரிக்கும் ஒரு கெயார் ஹோமில் பதினொரு வருடம் வேலை செய்தேன். ஆளைத் தூக்கி இருத்துவது, மருந்து கொடுப்பது எல்லாம் ட்ரெயினிங்கில் சொல்லித் தருவார்கள். நான் எழுதப்போவது அங்கே சொல்லித் தராத ஒன்று. நான் செய்த கேவலமான ஒரு காரியம்.

ஏழாம் அறையில் பற்றிக் என்ற அயர்லாந்துக்காரர் இருந்தார். லண்டனில் கட்டட வேலை செய்து களைத்தவர். அவரிடம் ஐரிஷ் நாட்டுப்பாடல் சீடி ஒன்று இருந்தது. காலைச் சாப்பாடு முடிந்ததும் போடுவார். கடைசிப் பாட்டு முடிந்தால் திரும்பவும் முதலிலிருந்து. அந்த ஆல்பம் இல்லாத ஐரிஷ் வீட்டைத் தான் கண்டதில்லை என்பார் அவருடைய மகள். பார்க்க வரும் பேரப்பிள்ளைகளுக்கும் எல்லாப் பாட்டும் மனப்பாடம். எனக்கோ அந்தப் பாட்டுகளில் வரும் பான்ஜோ வாத்தியத்தின் சத்தம் தலைக்குள் ஆணி அடித்தது.

ஆள் குறைந்த ஒரு காலை ஷிப்டில், அவர் குளிக்கப் போன நேரம் பிளேயரின் ப்ளக்கைத் திறந்து உள்ளே இருந்த சின்ன ஃபியூஸைக் கழற்றிப் பொக்கெற்றில் போட்டேன். அவர் வந்து பட்டனை அழுத்தினார். சத்தமில்லை.

"பழுதாப் போச்சு" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. "நான்தான் பலமா அமத்தி உடைச்சிட்டன் போல. என்ர கை அப்பிடி" என்று நடுங்கும் கைகளைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டார். நான் பொக்கெற்றில் ஃபியூஸோடு வெளியே வந்தேன்.

மூன்றாம் நாள் பொறுப்பு நர்ஸ் சாந்தி அக்கா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, பற்றிக் ஒழுங்காச் சாப்பிடுறேல்லை. தான் எதையோ உடைச்சிட்டாராம், மகளிட்டச் சொல்ல வேண்டாமாம். என்ன உடைஞ்சது?"

ஃபியூஸை எடுத்து மேசையில் வைத்தேன். அக்கா அதையும் என்னையும் பார்த்தார்.

"அந்தச் சத்தம் ஏலாது எண்டு என்னட்டச் சொல்லியிருந்தால் உங்களை மற்றத் தளத்துக்கு மாத்தியிருப்பன். போய் அவரிட்டச் சொல்லுங்கோ. ரிப்போர்ட் நான் எழுதுறன்."

ஃபியூஸைப் போட்டேன். பாட்டு வந்தது. பற்றிக் கண்ணை மூடி உதட்டை அசைத்தார். கட்டிலருகே நின்று, "அது பழுதாகேல்லை. நான்தான் ஃபியூஸைக் கழற்றினனான். நீங்கள் ஒண்டும் உடைக்கேல்லை" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்தார். "நீ நல்லவன். நான் கவலைப்படக் கூடாதெண்டு பழியை நீ ஏற்கிறாய்."

இரண்டு தரம், மூன்று தரம் சொன்னேன். நம்பவில்லை. எனக்குக் கிடைத்த வார்னிங் லெட்டர் ஃபைலோடு முடிந்துபோனது. நான் சொன்ன பொய் முடியவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வேன்: தாங்க முடியாவிட்டால் முடியவில்லை என்று மேலே இருப்பவரிடம் சொல்லுங்கள். வயதானவரிடம் பொய் சொல்லாதீர்கள். பிறகு உண்மையைச் சொன்னால் சரியாகிவிடும் என்று நானும்தான் நினைத்தேன்.

பற்றிக் இறக்கும்வரை அந்தப் பட்டனைத் தன் கையால் தொடவில்லை. பாட்டுக் கேட்க நினைக்கும்போதெல்லாம், உடைக்காமல் போடத் தெரிந்தவன் என்று, என்னைத்தான் கூப்பிடுவார்.