சுவரில் இருந்த எண்ணெய்க் கறை

ஐம்பதுகளின் கடைசியில் சிராங்கூன் ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியறையில் குடியிருந்தோம். தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு என் மனைவி எப்போதும் ஒரே இடத்தில் சுவரில் சாய்ந்து உட்காருவாள். நீலச் சுண்ணாம்பு அடித்த சுவரில் அந்த இடம் மட்டும் கறுத்துப் பளபளக்கும். "தலைய எடு, சுவரு அசிங்கமாவுது!" என்று நான் கத்தாத நாளில்லை.

அவளுடைய தாய்வீடு கடலுக்கு அப்பால். அதனால் தலைப்பிரசவத்துக்கு இங்கேயே ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பிள்ளையோடு வரும்போது அறை புதிதாக இருக்கட்டும் என்று வெள்ளையடிக்க இறங்கினேன். பக்கத்து அறை காதர் பாய் எட்டிப் பார்த்தார்.

"எண்ணெய் மேல சுண்ணாம்பு நிக்காது லா. சலவை சோடா போட்டுத் தேய்ச்சு, நல்லா சுரண்டிடுங்க."

சாந்து உதிரும்வரை சுரண்டினேன். சுவர் முழுவதும் வெள்ளையடித்தேன். மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் அவளிடம் பெருமையாகச் சொன்னேன். வலியிலும் சிரித்தாள்.

"அப்போ இனிமே நான் எங்கங்க சாயறது?"

மறுநாள் தாயும் போனாள், பிள்ளையும் போனது.

மழைக்காலத்தில் அந்தச் சுவரில் ஓதம் ஏறும். பழைய எண்ணெய் மறுபடி கசிகிறதா என்று, அறையைக் காலி செய்யும்வரை ஒவ்வொரு மழைக்கும் தடவிப் பார்த்தேன். வெறும் ஈரம்தான். அவ்வளவு நன்றாகச் சுரண்டியிருக்கிறேன்.