பத்தடி பின்னால் வந்தவர்

அஞ்செட்டியிலிருந்து நாட்றாம்பாளையத்துக்கு அப்போது பஸ் கிடையாது. காளை வாங்கப் பணத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, காலையிலேயே தனியாக நடக்கக் கிளம்பினேன். புல் மூடிய மேடுகள் ஏறி இறங்கிக்கொண்டே போயின. ஆள் நடமாட்டமே இல்லை. பணம் இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இரண்டாவது மேட்டில்தான் அவரைக் கவனித்தேன். ஒட்டிய கன்னம், தோளில் கறுப்புக் கம்பளி, இடுப்பில் கொடுவாள். பத்தடி பின்னாலேயே வந்தார். நான் நின்றால் அவரும் நின்றார். வழிவிட்டு ஒதுங்கினேன், அவரும் ஒதுங்கினார். எதிரே வந்த ஆட்டுக்காரனிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். இருவரும் என்னையே பார்த்தார்கள். எனக்குக் கன்னடம் தெரியாது.

உச்சிவெயிலில் பொறுக்க முடியாமல் திரும்பிக் கேட்டேன். "நீங்க முன்னால போயிடுங்களேன். ஏன் பின்னாலயே வர்றீங்க?"

"நீங்க யாருன்னே தெரியாதுங்க. சும்மா சும்மா இடுப்பைத் தடவறீங்க. உள்ள கத்தி இருக்குமோ என்னமோ. உங்களுக்கு முதுகைக் காட்டிட்டு எப்படிங்க போறது?" என்றார்.

அதன்பிறகு ஒற்றையடிப் பாதையில், ஆளுக்கொரு காலைப் புல்லில் வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். ஆட்டுக்காரனிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. இடுப்பில் என்ன என்று அவரும் கேட்கவில்லை.

ஊர் தெரிந்த இடத்தில் வழி பிரிந்தது. "வர்றேனுங்க" என்றார். நானும் சொன்னேன். ஆனால் இரண்டு பேருமே திரும்பவில்லை. ஒருவரையொருவர் பார்த்தபடியே, கல் தடுக்கத் தடுக்க, பின்பக்கமாகவே நடந்து பிரிந்தோம்.