சொட்டினால்தான் மருந்து

எங்கள் தெருவில் பருத்திக்கு மருந்தடிக்கப் போகும் ஒரே பெண் கமலவேணி அக்கா. கல்யாணமான நாளிலிருந்து அவர் குடத்தில் தண்ணீர் சுமந்தார். கணவர் செல்லக்கண்ணு முதுகில் கைத்தெளிப்பானை மாட்டிக்கொண்டு மருந்தடித்தார். மருந்து வாடையே செல்லக்கண்ணுவுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனபோது தெளிப்பான் அக்காவின் முதுகுக்கு வந்தது, குடம் அவரிடம் போனது. ஊர் இதை உடனே ஏற்றுக்கொண்டது. பருத்தியில் வெள்ளை ஈ விழுந்திருந்தது, வேறு ஆளும் கிடைக்கவில்லை.

வெள்ளை ஈ இலைக்கு அடியில் குடியிருக்கும். கைத்தெளிப்பானால் எங்கள் ஊரில் இலைக்கு மேலேதான் ஊற்றுவார்கள். குளித்த இலை சொட்டும். அதைப் பார்த்துப் பருத்திக் காட்டுக்காரர் திருப்தியடைவார். ஈயும் அடியில் நிழலில் திருப்தியோடு இருக்கும். இந்த ஒற்றுமையைக் கெடுக்கத்தான் அக்கா மகளிர் குழு மூலம் ஒரு காற்றுத் தெளிப்பான் வாங்கினார். முதுகில் மாட்டும் சின்ன எஞ்சின். அதன் விசிறி தள்ளும் காற்று மருந்தைப் புகைபோலப் பொடித்துளியாக்கி, இலையைப் புரட்டி, அடியிலும் படிய வைக்கும். ஊர் அதற்குக் ‘காத்து மெஷின்’ என்று பெயர் வைத்தது. பாராட்டி வைத்த பெயரில்லை.

மெஷின் வந்ததும் முதலில் கூப்பிட்டவர் பழனிவேல். அவர் காட்டைப் பார்த்துத்தான் மற்றவர்கள் முடிவெடுப்பார்கள். சரியில்லை என்று அவர் ஒரு சொல் சொன்னால் போதும், அந்தப் பருவம் முழுக்க அக்காவை யாரும் கூப்பிடமாட்டார்கள். நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன்.

பாதிக் காடு முடிந்ததும் பழனிவேல் உள்ளே இறங்கி ஓர் இலையைத் தடவினார். விரல் நனையவில்லை.

“ஏம்மா, சாமிக்குச் சாம்பிராணி காட்டுற மாதிரி காட்டிட்டுப் போற. மருந்து எங்க?”

“இலையத் திருப்பிப் பாருங்கண்ணே.”

“திருப்பிப் பாக்க அது என்ன தோசையா?”

மெஷினோடு வந்த மஞ்சள் தாள் துண்டுகளைச் சில இலைகளின் அடியில் அக்கா முன்பே குத்தி வைத்திருந்தார். துளி பட்ட இடம் நீலமாகும் தாள் அது. ஒன்றை எடுத்து நீட்டினார். எண்ணிலடங்காத நீலப் பொட்டுகள்.

“பேப்பர்ல நல்லாத்தான் அடிச்சிருக்க,” என்றார் பழனிவேல். “என் பருத்தியில எப்ப அடிப்ப?”

“பெரியப்பா, வெளிநாட்டுத் திராட்சைத் தோட்டத்துல எல்லாம் இப்படித்தான்...” என்று நான் ஆரம்பித்தேன்.

“அந்தூரு ஈ படிச்ச ஈயா இருக்கும் பாப்பா.” அக்காவின் பக்கம் திரும்பினார். “நாளைக்கு மிச்சத்தக் கைத்தெளிப்பான்ல அடி. இலை சொட்டணும். இல்லன்னா செட்டிகுளத்துலேருந்து மருந்தடிக்கிற தமிழரசனக் கூட்டியாந்துடுவேன்.”

திரும்பும் வழியில் செல்லக்கண்ணு சொன்னார்: “அவரு சொல்றபடி ஊத்திட்டு வந்துடேன். ஈ என்ன நமக்குப் பங்காளியா?”

“ஊத்துனா ஈ சாவாது. அப்பறம் கமலவேணி அடிச்சதாலதான் சாவலன்னு சொல்லுவாரு. ஊத்தலன்னா நாளைக்கே அனுப்பிடுவாரு.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூர் கோயில் நடை திறக்கிற நாள் என்பதால் பழனிவேல் காலையிலேயே பஸ் ஏறிவிட்டார். பஸ் போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, முகத்தில் துண்டை இறுக்கிக் கட்டி மெஷினை மாட்டினார். மிச்சக் காடும் காற்றிலேயே முடிந்தது. மருந்து காய்ந்த பிறகு, கழுவி வைத்திருந்த கைத்தெளிப்பானை எடுத்து அதில் வெறும் தண்ணீரை நிரப்பச் சொன்னார்.

“வெறுந் தண்ணிய அடிக்கவா இந்த வெயில்ல நான் சுமக்கறேன்?” என்றார் செல்லக்கண்ணு.

“ஈக்கு அடிச்சாச்சு. இது அண்ணனுக்கு.”

“அடிச்ச மருந்து கழுவிட்டுப் போயிடாது?”

“மேலதான ஊத்தப் போறேன்? அடியில படிஞ்சது அங்கேயேதான் கெடக்கும். நீங்க சும்மா கொண்டாங்க.”

நேற்று அடித்த பாதியையும் சேர்த்துக் காடு முழுக்கக் குளிப்பாட்டினார். நெற்றியில் குங்குமத்தோடு வந்த பழனிவேல் உள்ளே நுழைந்ததும் வேட்டி நனைந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

“இது மருந்தடி! நேத்தே இப்படி அடிச்சிருந்தா நான் ஏன் வாயத் தொறக்கப் போறேன்?”

வெள்ளை ஈ அடங்கியது. கைத்தெளிப்பானுக்கு ஈடு இணை கிடையாது, காத்து மெஷினெல்லாம் ஏமாத்து வேலை என்று பழனிவேல் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். சந்தேகப்பட்டவர்களைத் தன் காட்டுக்கே கூட்டிப்போய் இலையைத் திருப்பிக் காட்டினார். ஆம், திருப்பித்தான்.

அதைப் பார்த்துவிட்டு வந்தவர்களில் ஒருவர் பக்கத்துக் காட்டு அனுசுயா.

“பழனிவேல் காட்டுல அடிச்ச மாதிரியே எனக்கும் அடிச்சுக் குடு கமலவேணி. அந்தக் காத்து மெஷின மட்டும் எடுத்தாந்துடாத.”

“அதே மாதிரி அடிச்சிடலாங்க,” என்றார் அக்கா. பிறகு மிகவும் மரியாதையாக விசாரித்தார்: “நீங்க என்னிக்கு ஊர்ல இருக்க மாட்டீங்க?”