ஐந்து வீட்டார் வெற்றிலையை விட்ட கதை

என் வாழ்நாளில் நான் வெற்றிலை போடாமல் இருந்தது ஒரே ஒரு முறைதான். பதினெட்டு நாள். காய்ச்சல் இல்லை, விரதம் இல்லை, வைத்தியர் யாரும் சொல்லவும் இல்லை. நான் மட்டுமல்ல, எங்கள் ஊரின் ஐந்து பெரிய வீட்டுக்காரர்களும் ஒன்றாகச் சேர்ந்து வெற்றிலையை விட்டோம். மலைக்கு பஸ் வராத காலம் அது. வெள்ளைக்காரன் ஆட்சி கீழே எங்கோ நடப்பதாகக் கேள்வி. மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; வளப்பூர் நாட்டில் எங்கள் ஊருக்குச் சட்டமும் கோர்ட்டும் அந்த ஐந்து வீடுதான். அப்பா இறந்த பிறகு ஐந்தாவது வீட்டு இடம் இருபத்திரண்டு வயதில் எனக்கு வந்துவிட்டது. பெரிய மனிதன் ஆகிவிட்டதைக் காட்ட ஒரு வெற்றிலைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு நாள் முழுவதும் மென்றுகொண்டே திரிந்தேன். அப்படிப்பட்டவன் விட்டேன் என்றால் காரணம் சாதாரணமாக இருக்க முடியாது. காரணம் சடுகுடு.

எங்கள் ஊரில் ஒருவன் இருந்தான். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவன், எனக்கு மாமன் முறை. அவன் கோட்டைத் தாண்டிப் பாடிப் போனால் எதிர்ப்பக்கத்தில் ஏழு பேரும் ஒதுங்க இடம் தேடுவார்கள். ஒரு முறை நான்கு பேர் காலையும் இடுப்பையும் பிடித்துத் தொங்கினார்கள். அவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்து கோட்டைத் தொட்டான். மூச்சு விடவில்லை, பாட்டு அறுபடவில்லை. பத்தடி தூரத்தில் இருந்து அதைப் பார்த்தவன் நான். நானும் அந்த ஆட்டத்தில் இருந்தேன். ஆரம்பித்தவுடனே அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருந்ததால் நன்றாகப் பார்க்க முடிந்தது.

அவன் தலையெடுப்பதற்கு முன் மூன்று வருடம் பக்கத்துப் பைல் நாட்டுக்காரர்களிடம் தோற்றோம். பொங்கல் கழிந்து எங்கள் கோயில் களத்தில் நடக்கும் ஆட்டம் அது. ஜெயித்தவர்களுக்கு ஒரு கடா. ஜெயித்த கடாவை ஓட்டிக்கொண்டு அவர்கள் எங்கள் ஊருக்குள்ளே புகுந்துதான் போவார்கள், சுற்றுவழி இல்லாத நேர்வழி ஒன்று இருந்தும். ஒவ்வொரு வாசலிலும் கடாவை நிறுத்தித் தண்ணீர் கேட்பார்கள். இவன் ஆட வந்த பிறகு இரண்டு வருடமாகக் கடா எங்கள் குழம்பில் கொதித்தது. அவனை நாங்கள் எப்படிக் கொண்டாடினோம் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

அவன் மனைவியை அடிப்பான். இது ஒன்றும் ரகசியம் இல்லை. ஒரு நாள் அவளுக்குக் கண் வீங்கியிருக்கும், ஒரு நாள் கை. என்னவென்று யாராவது கேட்டால் அவனே முந்திக்கொண்டு, "மேல பலாப்பழம் உழுந்துருச்சுங்க" என்பான். மார்கழியில் எந்த மரத்தில் பலாப்பழம் தொங்குகிறது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. பலா விளைவித்து வயிறு வளர்க்கிற ஊர் எங்கள் ஊர்.

அந்த மார்கழியில் அவளுக்கு முன்பல் இரண்டு போயிற்று. இனி முடியாது, கல்யாணத்தைத் தீர்த்துவிடச் சொல்லிக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். எங்கள் மலையில் அதற்கு வழி உண்டு. பஞ்சாயத்துக் கூடி, இருவரையும் விசாரித்து, ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டால் முடிந்தது. அவள் பைல் நாட்டில் இருக்கும் தாய்வீட்டுக்குத் தலைநிமிர்ந்து போகலாம், விரும்பினால் வேறு கல்யாணமும் செய்யலாம். தீர்க்காமல் கிளம்பினால் ஓடிப்போனவள். மலையில் எந்த ஊரிலும், பெற்ற தாய் வீட்டிலும்கூட, ஒரு வாய் தண்ணீர் கொடுக்கமாட்டார்கள்.

பிராது கொடுப்பவர் ஐந்து வீட்டுக்காரர்களில் ஒருவர் கையில் வெற்றிலை பாக்குக் கொடுக்க வேண்டும். கை நீட்டி வாங்கிவிட்டால் பிராது ஏறிவிட்டது. ஏறிய நிமிடத்திலிருந்து அது தீரும்வரை, யார்மேல் பிராதோ அவன் கோயில் களத்தில் கால் வைக்கக் கூடாது, சாமி குத்தம். பஞ்சாயத்தோ பொங்கலும் ஆட்டமும் முடிந்த மறுநாள்தான் கூடும். ஆட்டத்துக்குப் பதினேழு நாள் இருந்தது.

பிராது கொடுக்க அவள் வெற்றிலை வாங்கிவிட்டாள் என்று தெரிந்தவுடன், முதல் வீட்டுக்காரரான ஊர்க்கவுண்டர் எங்கள் நால்வரையும் தம் மிளகுத் தோட்டத்துக்கு அழைத்தார்.

"வெத்தலய வாங்கினாத்தானுங்க பிராது. வாங்காட்டி?" என்றார்.

"வாங்காட்டி ஒண்ணுமில்லீங்க" என்றார் இரண்டாம் வீட்டுக்காரர்.

"வெத்தலயே போடாதவன்கிட்ட யாரு வெத்தல குடுப்பா?" என்றார் ஊர்க்கவுண்டர்.

இப்படித்தான் முடிவானது. நியாயத்தை நாங்கள் மறுக்கவில்லை, வெற்றிலையைத்தான் மறுத்தோம். அவரவர் பையை அவிழ்த்து அங்கேயே ஒரு பாறை மேல் வைத்துவிட்டு வந்தோம். வைப்பதற்கு முன் நான் பையைத் திறந்து ஒரு முறை முகர்ந்துகொண்டேன். பெரிய தியாகம் செய்கிறோம் என்ற பெருமிதமும் இருந்தது.

அன்று பேசிய பேச்சுகள் எல்லாம் எனக்கு மறக்கவில்லை. "வெளையாட்டு வேற, ஊடு வேற" என்றார் இரண்டாம் வீட்டுக்காரர். "அவ என்ன வாய் பேசுனாளோ, ஆருக்குத் தெரியும்?" என்றார் நான்காமவர். மூன்றாம் வீட்டுக்காரர்தான் புத்திசாலி. அவள் பைல் நாட்டுப் பெண் அல்லவா, இது பைல் நாட்டான் செய்கிற சூழ்ச்சி என்று கண்டுபிடித்தார். எங்களை ஆட்டத்தில் தோற்கடிப்பதற்காக ஒரு பெண் ஆறு வருடம் குடித்தனம் நடத்தி, கடைசியில் தன் பல்லையே உடைத்துக்கொண்டாள் என்பது அவர் கட்சி. எல்லோரும் தலையாட்டினோம்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆட்டம் முடியட்டுமுங்க. முடிஞ்சதும் கண்டிப்பா அந்தப் புள்ள சொல்றதக் கேக்கோணும்." அப்போது அது மிகவும் நியாயமான பேச்சாகத் தோன்றியது. இன்று நினைத்தால் மற்ற மூவரின் பேச்சையும்விட அதுதான் எனக்கு ஆத்திரத்தைத் தருகிறது. அவர்கள் பொய்யை நம்பினார்கள். நான் உண்மையைத் தெரிந்துகொண்டே அதற்கு நாள் தள்ளிப் போட்டேன்.

மறுநாள் அவள் வெற்றிலையோடு வீடு வீடாகக் கிளம்பினாள். ஊர்க்கவுண்டருக்குப் பல்வலி. கன்னத்தில் துணி கட்டிக்கொண்டு, பேசவே முடியாது என்பதைப் பத்து நிமிடம் பேசிச் சொன்னார். இரண்டாமவர் பழனிக்கு வேண்டுதல், வெற்றிலை தொடமாட்டேன் என்றார். மூன்றாமவர் அவள் தலை தெரிந்த போதெல்லாம் சாணிச் சட்டிக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டார். அந்த மார்கழி முழுவதும் அவர் வாசலைப் போலச் சுத்தமான வாசல் மலையிலேயே கிடையாது. நான்காமவர் அடிவாரத்துப் புளியஞ்சோலைக்கு இறங்கிப் போய், கால் பிசகிவிட்டது, ஏறி வர முடியவில்லை என்று சொல்லி அனுப்பினார். துறையூர்ப் பக்கமிருந்து தலைச்சுமையாக வெற்றிலை கொண்டுவரும் வியாபாரி, எப்போதும் முதலில் எங்கள் வீடுகளுக்குத்தான் வருவார். ஐந்து வாசலிலும் வேண்டாம் என்ற சொல்லைக் கேட்டுத் திகைத்துப் போனார். "என்னங்க சாமி, ஊருல எதாச்சும் எழவா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான்காம் நாள் காலையில் என் வீட்டுக்கு வந்தாள். நான் வீட்டுக் களத்தில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு கையிலும் ஏந்தி நின்றாள். நான்கு வெற்றிலை, ஒரு கொட்டைப்பாக்கு.

"தம்பி, நீங்களாச்சும் வாங்கிக்குங்க."

"நான் வெத்தல போடறதில்லீங்க அக்கா" என்றேன்.

"வாயி செவந்திருக்குதுங்களே."

விட்டு நான்கு நாளாகியும் சிவப்புப் போகவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "பல்லுல ரத்தம் வருதுங்க."

"எனக்குந்தானுங்க" என்றாள்.

அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. வெற்றிலையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நீட்டினாள். நான் குனிந்து, ஏற்கெனவே பரப்பிய மிளகை மறுபடியும் பரப்பினேன். நிமிர்ந்தபோது அவள் போய்விட்டிருந்தாள். அதன் பிறகும் இரண்டு முறை ஐந்து வீடும் ஏறி இறங்கினாள். அந்த இரண்டு முறையும் நான் காட்டில் இருந்தேன். எனக்குக் காட்டில் ஒரு வேலையும் இல்லை.

ஆட்டத்தன்று விடியற்காலையில் நான்காமவர் கால் சரியாகி மலையேறி வந்துவிட்டார். அன்று அவன் ஆடிய ஆட்டத்தை என்னவென்று சொல்வது! பொய் சொல்ல விரும்பவில்லை, அப்படி ஓர் ஆட்டத்தை அதற்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை. தனியாளாக நின்று, மீதியிருந்த ஐந்து பேரையும் ஒவ்வொருவராகத் தொட்டுவிட்டு வந்தான். நான் தொண்டை கட்டும்வரை கத்தினேன். அவனைத் தோளில் தூக்கியவர்களில் நானும் ஒருவன். பைல் நாட்டுக்காரர்கள்கூட, அதாவது அவள் பிறந்த ஊர்க்காரர்கள்கூட, அவன் முதுகைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

ஆட்டம் முடிந்ததும் வெற்றிலை போட்டுவிடலாம் என்று இரண்டாமவர் பறந்தார். ஊர்க்கவுண்டர் தடுத்தார். "இன்னிக்கு ஒரு நாள் பொறுங்க. நாளைக்கு அந்தப் புள்ள வந்தா, அதோட வெத்தலயத்தான் மொதல்ல வாங்கோணும். அதுதான் மொறை." அவ்வளவு முறை தெரிந்தவர்கள் நாங்கள்.

அவனைச் சுமந்துகொண்டு போய் அவன் வீட்டு வாசலில் இறக்கினோம். கதவு திறந்து கிடந்தது, அடுப்பு ஆறிக் கிடந்தது. ஊர் முழுவதும் களத்தில் இருந்த நேரத்தில் அவள் போய்விட்டாள். புளியஞ்சோலைக்கு இறங்கும் தடத்தில், துணி மூட்டையோடு போனவளை எதிரே ஏறி வந்த வெற்றிலை வியாபாரி பார்த்திருக்கிறார். எங்கே என்று கேட்டதற்குக் கீழே கூலி வேலைக்கு என்றாளாம்.

மறுநாள் பஞ்சாயத்துக் கூடியது. அவன்தான் வந்தான், கை நிறைய வெற்றிலையோடு. "பொண்டாட்டி ஓடிப் போயிட்டாளுங்க. நாயம் சொல்லுங்க." ஊர்க்கவுண்டருக்குப் பல்வலி இல்லை, வேண்டுதல் முடிந்திருந்தது, சாணி கழுவியாகிவிட்டது. ஐந்து கையும் நீண்டன. அதில் என் கைதான் முதலில் போனது.

எங்கள் பஞ்சாயத்தில் வயதில் இளையவன்தான் முதலில் பேச வேண்டும். பெரியவர்கள் பேசிவிட்டால் சின்னவன் பயந்து வாயை மூடிக்கொள்வான் என்று முன்னோர் செய்து வைத்த ஏற்பாடு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வெற்றிலையை மடித்து வாயில் ஒதுக்கிக்கொண்டேன். பதினெட்டு நாளைக்குப் பிறகு அது அவ்வளவு ருசியாக இருந்தது.

"என்ன கஷ்டமா இருந்தாலும், ஆருகிட்டயும் ஒரு வார்த்த சொல்லாமப் போனது தப்புதானுங்க" என்றேன்.

மற்ற நால்வரும் ஆமாங்க என்றார்கள்.