ராகு காலத்தில் மாட்டிய கூரை

தூத்துக்குடி பாளை ரோட்டில் ஜீவமணியின் சீட் கவர் கடையில் ஒரு நாட்காட்டி தொங்கும். அதில் ராகு காலத்தைத் தினமும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைப்பார். புது வேலை எதுவானாலும் அந்த நேரத்தில்தான் தொடங்குவார். கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு வரிசை எதற்கு என்று கேட்டு இருபது வயதில் கிறிஸ்தவ சபையை விட்டு வெளியேறியவர். ராகு அவரை இதுவரை ஒன்றும் செய்ததில்லை. அதை அவர் நாளுக்கு ஒருவரிடமாவது சொல்லாமல் இருந்ததுமில்லை.

மார்கழியில் ஒரு புதன்கிழமை, ஆறுமுகநேரி உப்பளக்காரர் ராஜபாண்டி தன் பழைய எம்.ஜி. மிட்ஜெட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார். லண்டனில் ஓடிய இருவர் கார். மடக்குக் கூரை கிழிந்து போயிருந்தது. முன்பே எடுத்த அளவுக்கு ஒரு வாரமாக ரெக்சினில் புதுக் கூரையைத் தைத்து வைத்திருந்தவள் பேச்சி. கடையின் தையல்காரி, கணவனை இழந்தவள்.

"ஒம்பதேகாலுக்கு நல்ல நேரம் அண்ணாச்சி. நாளைக்குத் திருச்செந்தூர்ல வண்டிக்குப் பூசை. கூரைய மாட்டுற மொத பட்டன என் டிரைவர் அடிக்கட்டும். அந்த அம்மா தொட வேண்டாம்" என்றார் ராஜபாண்டி.

ஜீவமணிக்குச் சுர்ரென்று ஏறியது. "தைக்கும்போது அவ கை ஆகும், அடிக்க ஆகாதோ? பேச்சிதான் அடிப்பா. அதுவும் பன்னெண்டு மணிக்கு, ராகு காலத்துல!"

தெருவே கேட்டது. அவருக்கே தன் குரல் பிடித்திருந்தது.

பன்னிரண்டு மணி வெயிலில் காரின் மேல் ரெக்சின் கொதித்தது. பேச்சி தொட்டுப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இப்ப கொழகொழன்னு கெடக்கு. இழுத்த இழுப்புக்கு வரும், பெறவு சுருங்கிரும். வெயில் தாழட்டும்."

"ஒன்னரைக்கு ராகு காலம் முடிஞ்சிரும்லா! நீ அடி, நான் இழுக்கேன்."

பேச்சி அவரைப் பார்த்தாள். பிறகு சுத்தியலை எடுத்தாள். ஜீவமணி பெண் விடுதலையைப் பற்றிப் பேசிக்கொண்டே பல்லைக் கடித்து இழுத்தார். கூரை முரசுத் தோல் மாதிரி நின்றது. சாயங்காலம் அதை மடக்கியும் விரித்தும் தெருவுக்கே காட்டி, ராத்திரிக்கு மடக்கியபடியே கடையில் விட்டார்.

விடிந்ததும் ராஜபாண்டி வந்தார். பனியில் கூரையை விரித்தால், முன்சட்டம் முன்கண்ணாடிக்கு இரண்டு விரல் எட்டாமல் நின்றது. ஜீவமணி தொங்கி இழுத்தும் வரவில்லை.

"நான் அப்பவே சொன்னேன்லா. தாலியறுத்தவ கை பட்டா வெளங்குமா?" என்றார் ராஜபாண்டி.

பேச்சியின் முகம் இறுகிவிட்டது. ஜீவமணி பாய்ந்தார். "இது ராகுவுமில்ல, கையுமில்ல. ரெக்சின் சூட்டுல இளகும், குளிர்ல சுருங்கும். அறிவியல்!"

"அது தெரிஞ்சும் உச்சி வெயில்ல ஏன் அண்ணாச்சி மாட்டுனிய?"

ராஜபாண்டி நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இருபது வருடமாக எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்த ஜீவமணியிடம் இப்போது இருந்தது ஒரே பதில்தான். சொல்லாவிட்டால் பழி பேச்சி தலையில் நிற்கும்.

"பேச்சி வேண்டாம்னுதான் சொன்னா. நான்தான் கேக்கல" என்றார் ஜீவமணி. குரல் இறங்கியது. "ராகு காலம் பார்த்து மாட்டுனேன்."

"நீங்களுமா பாப்பிய?"

ராஜபாண்டி காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பேச்சியும் முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"முன்சட்டத்துக்குள்ள நாலு விரல் கூடுதலா மடிச்சு விட்டிருக்கேன், பிரிச்சா போதும்" என்றாள்.

"ஏன் விட்ட?" என்றார் ஜீவமணி.

"ஒங்களோட பன்னெண்டு வருசமா குப்ப கொட்டுதேன்லா."

ராஜபாண்டி சிரிப்பை நிறுத்தி, முதன்முறையாக அவளிடமே கேட்டார். "எப்பம்மா மாட்டலாம்?"

ஜீவமணியின் கண் தானாக நாட்காட்டிக்குப் போனது. பேச்சி அதை மறைத்துக்கொண்டு நின்றாள். "வெயில் தாழ வாங்க."

கூரையில்லாத காரில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ராஜபாண்டி பூசைக்குப் போய்த் திரும்பினார். வெயில் தாழ்ந்ததும் பேச்சி ஒவ்வொரு பட்டனாக அடித்தாள். மணி என்ன என்று பார்க்க ஜீவமணிக்குக் கை பரபரத்தது. இரண்டு கையிலும் ரெக்சினைப் பிடித்திருந்ததால் முடியவில்லை.